குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் என் ஊர். எங்கள் பக்கத்து மக்களுக்கு மண்ணோடு பழக்கம் அதிகம். ஒரு சாரார் மண்ணை உழுகின்றனர். மற்றொரு சாரார் மண்ணைப் பிசைகின்றனர். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. அகல் விளக்கும், பொம்மையும், மின்சாரக் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழும் அங்கே உருவாகின்றன. என் தந்தையார் அத்தகைய பட்டறை ஒன்றில் அச்சு வார்ப்பவராக இருந்தார்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு. பச்சை மண்ணில் கீறல் விழுந்தால், விரலை நனைத்து ஒரு முறை தடவினால் போதும், கீறல் மறைந்துவிடும். அதைக் கவனியாது சூளையில் ஏற்றிவிட்டாலோ, அந்தக் கீறல் நெருப்பில் விரிந்து நிலைத்துவிடும். பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் அந்தப் பாண்டம் ஒலிக்கிற ஒலி வேறுதான்.

இந்த உண்மையை நான் பட்டறையில் கற்றேன், வீட்டில் அனுபவித்தேன். 1971ஆம் ஆண்டில் என் தங்கைக்கு வயது ஆறு. சிறிது ஓடினாலும் அவளுக்கு மூச்சு வாங்கும். உதடு நீலம் பாயும். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது என்றும், சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டு சென்று அறுவை மருத்துவம் செய்ய வேண்டும் என்றும் கூறினார். தந்தையார் உழவு மாட்டை விற்றார்; அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, சென்னைக்குச் சென்று சில நாட்கள் தங்குவதற்கே அது போதுமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தோம். தங்கை காத்திருக்கவில்லை.

மருந்து இல்லாத நோயினால் அவள் இறந்திருந்தால் விதியென்று ஆறியிருப்போம். மருத்துவம் இருந்தது, மருத்துவரும் இருந்தார். இடையே நின்றது பணம் ஒன்றே. மாணவ நண்பர்களே, அந்த இடைவெளியை நிரப்புவதற்கு மனிதர் கண்ட வழிகளுள் ஒன்றாகிய மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும், அதனுள் குழந்தைகளைக் கொண்டுவருவதற்கு உலகத்திலும் நம் நாட்டிலும் நடந்த முயற்சிகளைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காப்பீடு என்பது யாது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆண்டில் அவற்றுள் ஐந்து வீடுகளில் குழந்தைக்குப் பெரிய நோய் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 2,00,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து குடும்பங்களும் அழிந்துபோகும். ஆனால் மொத்தச் செலவு 10,00,000 ரூபாய்தான். அதை 1,000 குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு 84 ரூபாயினும் குறைவு. எந்த ஐந்து வீடு என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரியாமையே எல்லோரையும் ஒன்று சேர்க்கிறது. தனியே சூளை கட்ட இயலாத சிறு பட்டறைக்காரர் பலர் கூடி ஒரே சூளையில் தத்தம் பாண்டங்களை அடுக்கிச் சுட்டுக்கொள்வது போன்றதே இதுவும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் சேர வேண்டும். நோய் வந்தவர் மட்டும் சேர்வது என்று வைத்தால், 1,000 பேர் சுமக்க வேண்டியதை ஐந்து பேரே சுமப்பர். அப்போது காப்பீடு காப்பீடாக இராது. ஆதலினால்தான், ஏழைகளின் பங்கை அரசே பொது வருவாயிலிருந்து செலுத்தி அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் முறை பல நாடுகளில் தோன்றியது.

இனி, குழந்தைகள் இந்தக் கூட்டில் எப்போது இடம் பெற்றார்கள் என்று பார்ப்போம். வரலாற்றைப் புரட்டினால் ஒரு வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. காப்பீடு முதலில் தேடியது குழந்தையை அன்று. கூலி பெறும் தொழிலாளியை. 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் வந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளருக்காக எழுந்தது. 1911ஆம் ஆண்டில் பிரிட்டனில் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, உழைக்கும் தந்தைக்கு மருத்துவர் உண்டு; அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோதுதான் அந்நாட்டில் குழந்தை தன் உரிமையாலேயே மருத்துவரிடம் செல்ல முடிந்தது. இடைப்பட்ட காலம் 37 ஆண்டுகள்.

நம் நாட்டிலும் பாதை அவ்வாறே அமைந்தது. பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில், 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நாம் சுருக்கமாக இ.எஸ்.ஐ. என்று வழங்குவது இதனையே. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் நேரு இதனைத் தொடங்கி வைத்தார். 1955இல் கோயம்புத்தூரில் நம் மாநிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் மருத்துவ வசதி தொழிலாளி ஒருவருக்கே. குடும்பத்தாருக்கும் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்த பிறகு, 1950-களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக மனைவி மக்களும் சேர்க்கப்பட்டனர்.

எனினும் அந்தச் சட்டம் பெரிய தொழிற்சாலைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. விசையால் இயங்கி, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையே அதன் முதல் எல்லை. என் தந்தையார் வேலை பார்த்த பட்டறையில் எட்டுப் பேர். ஆகவே என் தங்கைக்கு இ.எஸ்.ஐ. இல்லை. இன்று அந்த எண் பத்தாகக் குறைந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களும் விரும்பினால் சேரலாம் என்கிறது. விரும்புவோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அதன் பயன் இருக்கும். ஒரு குழந்தைக்கு மருத்துவம் கிடைக்குமா என்பதை, அதன் தந்தையோடு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற எண் தீர்மானிப்பது எவ்வளவு விந்தை என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மாறான சிந்தனையும் நம்மிடையே பழமையானதுதான். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவரும் தக்க மருத்துவத்தை இழக்கலாகாது என்பதைத் தன் அடிப்படைக் கொள்கையாக வைத்தது. நம் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். அதற்கும் முன்பே, 1920-களின் பிற்பகுதியில், சென்னைச் சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றும், பள்ளிப் பிள்ளைகளை முறையாக மருத்துவர் சோதிக்க வேண்டும் என்றும் வாதாடினார். குழந்தைக்கு வாக்குச் சீட்டு இல்லை, சங்கம் இல்லை, ஊர்வலம் போகத் தெரியாது. ஆகவே அதற்காகப் பேசப் பெரியவர் ஒருவர் எப்போதும் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் குழந்தை நோய்க்கான செலவை அரசு ஏற்கும் பெரிய முயற்சி இருதயத்திலிருந்து தொடங்கியது. 2008இல் இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. 2009 ஜூலையில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தில் வந்தது. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, ஆனால் காப்பீடு என்னும் கருத்து மாறவில்லை. ஒரு முறை ஊன்றிவிட்ட நல்ல வழக்கத்தை எந்தக் கட்சியும் பிடுங்க விரும்புவதில்லை என்பதற்கு இது சான்று. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேர்ந்தன. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டுக் கட்டத்தில் அந்த வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரிமியத் தொகையை அரசே செலுத்துகிறது. காது கேளாமல் பிறந்த ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் செவியினுள் கருவி பொருத்தும் அறுவை மருத்துவமும் இதில் அடங்கும். வயது வரம்புக்குக் காரணம் உண்டு. மொழி மனத்தில் படியும் பருவம் அதுதான். அதற்குள் ஒலி எட்டாவிடில், பின்னர் எட்டினாலும் அது பேச்சாக மலர்வது அரிது. பச்சை மண்ணின் கீறல் என்று நான் சொன்னது இதைத்தான்.

நடுவண் அரசு 2008இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குறை இருந்தது. ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் உதவி. தாத்தா பாட்டியோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழும் வீட்டில் யாரை விடுவது? 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் நலத் திட்டத்தில் அந்தத் தலை எண்ணிக்கை நீக்கப்பட்டது. தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் ஆயிற்று. தமிழ்நாட்டுத் திட்டமும் அதனோடு இணைந்தது.

ஆனால், காப்பீடு இருந்தால் மட்டும் போதாது. நோய் இருப்பது தெரிய வேண்டும். இதற்காக 2013இல் தேசியச் சிறார் நலத் திட்டம் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோரைப் பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து சோதிக்கின்றனர்.

2014ஆம் ஆண்டில் நான் ஆசிரியனாக இருந்த பள்ளிக்கு அத்தகைய குழு ஒன்று வந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். விளையாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே இருப்பாள். சோம்பல் என்று நானும் நினைத்திருந்தேன். மருத்துவர் அவள் நெஞ்சில் குழலை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. எனக்கு 1971 நினைவுக்கு வந்தது. என் கண்ணெதிரில் அதே நோய் இருந்தும் நான் காணவில்லையே என்ற வெட்கம் இன்றும் எனக்கு உண்டு.

அவளுடைய தந்தை சூளை வேலைக்காரர். தாய் முந்திரிக்கொட்டை உடைப்பவர். காப்பீடு உண்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அட்டையைப் பார்த்தபோது சிறுமியின் பெயர் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இருந்தால்தான் காப்பீட்டில் பெயர் ஏறும். குடும்ப அட்டை அவள் பிறப்பதற்கு முன்னே வாங்கியது. சேர்க்கப் போனால் பிறப்புச் சான்று கேட்டார்கள். பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் எழுதப்படவில்லை. வருமானச் சான்று தனியே வேண்டியிருந்தது. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் காட்டியது. மாவட்டத் தலைநகராகிய கடலூர் எங்களுக்கு அறுபது கிலோமீட்டர் அளவு தொலைவு. ஒவ்வொரு நாள் அலைச்சலும் ஒரு நாள் கூலி. மூன்றாம் முறை திரும்பி வந்த அந்தத் தந்தை என்னிடம், "சார், இலவசம்னு சொல்றாங்க, அந்த இலவசத்தை வாங்கறதுக்கே எங்கிட்டே காசு இல்லையே" என்றார்.

அந்த வாக்கியத்தைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. நாங்கள் ஆசிரியர் சிலரும் ஊர் மகளிர் குழுவினரும் சேர்ந்து தாள்களை ஒழுங்கு செய்தோம். நான்கு மாதத்தில் பெயர் ஏறிற்று. சென்னையில் அறுவை மருத்துவம் நடந்தது. செலவைக் காப்பீடு ஏற்றது. அவள் இன்று பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். அடுத்த ஆண்டில், பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும் என்று மனுச் செய்தோம். கிராம நிர்வாக அலுவலர் பள்ளித் திண்ணையில் வந்து அமர்ந்தார். அட்டையில் பெயரில்லாத பிள்ளைகள் அவள் ஒருத்தி மட்டும் அல்லர் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

இத்தகைய போராட்டம் ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இது நடந்தது. அங்கே மிக ஏழைகளுக்கு அரசு மருத்துவ உதவி உண்டு. வசதியுள்ளோர் தனியார் காப்பீடு வாங்குவர். இடையில் நின்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரண்டும் இல்லை. அக்குழந்தைகளுக்காகச் சிறார் நல இயக்கங்கள் பல ஆண்டுகள் வாதாடின. 1997இல், எதிரெதிர்க் கட்சியினராகிய எட்வர்ட் கென்னடியும் ஆரின் ஹேட்சும் கைகோத்து, புகையிலை வரியைக் கொண்டு குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நிறைவேற்றச் செய்தனர். பத்தாண்டு கழித்து அதை விரிவாக்க ஒரு மசோதா வந்தது. அப்போது, கார் விபத்தில் மூளையில் காயமுற்று அத்திட்டத்தால் பிழைத்த பால்டிமோர் நகரத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், எனக்குக் கிடைத்தது மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்னும் கருத்துப்பட வானொலியில் பேசினான். வானொலியில் பேசும் எனக்கு அந்தச் செய்தியில் தனிப் பற்று உண்டு.

எதிர்த்தவர்களுக்கும் வாதம் இருந்தது. சொந்தப் பணத்தில் காப்பீடு வாங்கக்கூடியவர்களும் அரசின் பக்கம் சாய்ந்துவிடுவர் என்றனர். அக்காரணத்தைக் கூறி, 2007இல் இருமுறை குடியரசுத் தலைவர் புஷ் அம்மசோதாவை ஏற்க மறுத்தார். முயன்றவர்கள் ஓயவில்லை. 2009 பிப்ரவரி 4 அன்று ஒபாமா கையெழுத்திட, அது சட்டமாயிற்று. வியட்நாம் வேறு வழியில் சென்றது. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், வருமானம் பாராமல், 2005 முதல் மருத்துவத்தை இலவசமாக்கியது.

இனி நம் நாட்டில் எஞ்சியிருக்கும் பணி யாது? முதலாவது, வருமான எல்லை. எல்லைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும் குடும்பம் வசதியான குடும்பமன்று. ஒரு பெரிய நோய் வந்தால் அது எல்லைக்கு மிகக் கீழே விழுந்துவிடும். இரண்டாவது, தனியார் காப்பீட்டிலுள்ள இடைவெளி. குடும்பத்துக்கெனப் பணம் கட்டி வாங்கும் பத்திரங்கள் பலவற்றில், பிறந்த குழந்தைக்கு முதல் 90 நாட்கள் இடமில்லை. பிறவிக் குறைகள் வெளிப்படுவதோ பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மூன்றாவது, மருத்துவமனையில் படுக்கும் நோய்க்கே காப்பீடு முதன்மையாகப் பயன்படுகிறது. இருமலுக்கும் காய்ச்சலுக்கும், மாதந்தோறும் வாங்கும் மருந்துக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையமே துணை. காப்பீட்டை விரிக்கிறோம் என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தை மெலியவிட்டால், கூரையைப் போட்டுச் சுவரை இடித்தது போல் ஆகும்.

2024 அக்டோபரில் நடுவண் அரசு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன யாவரையும், வருமானம் கேளாமல், மக்கள் நலத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. முதியோருக்குச் செய்த நன்மை போற்றத்தக்கது. அந்த வாயில் திறந்ததால் நமக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை பிறக்கிறது. வாழ்ந்து முடித்தவர்களிடம் வருமானச் சான்று கேட்கவில்லை. வாழத் தொடங்குபவர்களிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? செலவு மிகுமே என்று கூறுவர். அது நேர்மையான ஐயம். ஆனால் வயது வாரியாகப் பார்த்தால், பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே இருக்கின்றனர். பெரு நோய் தாக்குவது சிலரைத்தான். முன்னே நாம் போட்ட கணக்கு, எல்லோரையும் சேர்த்தால்தான் பங்கு சிறிதாகும் என்று காட்டியது. அந்தச் சிலரையும் குணப்படுத்திவிட்டால், அவர்கள் ஐம்பது ஆண்டு உழைத்து நாட்டுக்குத் திருப்பித் தருவர்.

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் சட்டமன்றத்தில் பேச வேண்டியவை, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்க வேண்டாம். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் குடும்ப அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரும் தம்பி தங்கையர் பெயரும் அதில் இருக்கின்றனவா? காப்பீட்டு அட்டை உண்டா? அண்டை வீட்டிலும் கேளுங்கள். படிக்கத் தெரியாத பெரியவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஐயம் இருந்தால் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் விடுப்பு எடுக்காதீர்கள். உடன் பயிலும் ஒருவன் விளையாடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியர்களும் சில வேளைகளில் கவனிக்கத் தவறுவதுண்டு. கல்லூரியில் படிப்பவர்கள் ஊர்க் கிராம சபையில் இதைப் பேசலாம். பள்ளி தோறும் ஆண்டுக்கொரு முகாம் வேண்டும் என்று தீர்மானம் எழுதலாம்.

என் தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சூளைக்குள் பாண்டங்களை அடுக்குவதற்கு முன், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். விலை உயர்ந்தது, மலிவானது என்று பிரித்துப் பாரார். பத்துப் பைசா அகலானாலும் அதே கவனந்தான். ஒரு நாடு தன் குழந்தைகளை நோக்க வேண்டிய முறையும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.